மூணு டிகிரி வித்தியாசம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்தில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தெர்மாமீட்டர். முழங்கை நீளத்துக்கு ஒரு மரப்பலகை, அதன் நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் சிவப்புத் திரவம், இரண்டு பக்கமும் கறுப்பு எண்கள். யாரோ ஒரு மருந்து ரெப் புதுவருஷத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கம்பெனியின் பெயர் எப்போதோ உரிந்துவிட்டது. நேற்றுதான் பெரியப்பாவுக்குக் கருமாதி முடிந்தது. அவருடைய பழைய சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்த அவர் மகன், "இது உனுக்கு வேணுமாண்ணே? இல்லன்னா காயலான் கடைக்குப் போட்ருவேன்" என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பெரியப்பாவின் ஞாபகமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று அவன் நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூற்று மூன்றில் இது திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், பெரியப்பாவின் டிராவல்ஸ் ஆபீசில் தொங்கிக்கொண்டிருந்தது. டிராவல்ஸ் என்றால் கார் வாடகைக்கு விடுகிற இடம் இல்லை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடம். எங்கள் பக்கத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும் அது துபாய்தான். மயிலம், அனந்தபுரம், மரக்காணம் என்று நாலா பக்கத்திலிருந்தும் பையன்கள் படியேறி வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அங்கே வெயில் எப்படி? பெரியப்பா பதில் சொல்ல மாட்டார். எழுந்து வந்து அந்தப் பையனின் தோளில் கைபோட்டு, தெர்மாமீட்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். "இன்னா காட்டுது, நீயே படி" என்பார். சித்திரை மாசமாக இருந்தால் நாற்பத்திரண்டு காட்டும். "பாத்தியா? திண்டிவனத்துல நாப்பத்திரண்டு. துபாய்ல நாப்பத்தஞ்சு. போன்ல கேட்டுட்டுதான் சொல்றேன். மூணு டிகிரி வித்தியாசம். மூணு டிகிரிக்கா பயந்துக்கினு ஊர்ல மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு கெடக்கப் போற?" பையன் சிரித்துவிடுவான். அதன் பிறகு எதிர்ச் சுவரில் இருந்த உலகப் படத்துக்குக் கூட்டிப்போவார். "இது மரக்காணம். ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மணலு. இங்க பாரு, துபாய். ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மணலு. நடுவுல தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்." இரண்டு தேசங்களின் பூகோளமும் தட்பவெப்பமும் அவருக்கு அந்த ஆபீசின் இரண்டு சுவர்களுக்குள் முடிந்துவிட்டன.

அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டதால் எனக்கும் அக்காவுக்கும் பெரியப்பாதான் எல்லாம். இதை மறைக்க வேண்டியதில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவர், அக்காவைக் கட்டிக்கொடுத்தது அவர். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்தார். அக்கா புருஷனான அந்த மாமாவுக்கு உப்பளத்தில் வேலை. மெலிந்த உடம்பு, கறுத்த கெண்டைக்கால்கள், உப்பு அரித்து வெளுத்த பாதங்கள். உப்பளத்துக்காரர் என்பதில் அவருக்கு ஒரு திமிரே உண்டு. நான் குடை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனால், "டவுன்கார மச்சான் வர்றாரு, வெயிலே, கொஞ்சம் ஒதுங்கிக்கோ" என்று தெருவே கேட்கும்படி கேலி செய்வார். உப்புப் பாத்தியில் நிற்கிறவனுக்கு மேலே ஒரு சூரியன், காலுக்குக் கீழே வெள்ளை உப்பில் இன்னொரு சூரியன், இரண்டையும் தாங்குகிறவன் மனுஷனா இரும்பா என்று கேட்பார். பெரியப்பாவுக்கு இது போதும். உப்பளத்தில் வேலை செய்தவன் என்றால் மற்றவனைவிட ஒரு படி மேல் என்று அவரே ஒரு தகுதியை உண்டாக்கி வைத்திருந்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களிடமும் அதைச் சொல்லித்தான் ஆர்டர் பிடிப்பார்.

ஆனால் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திகளில் விடியும் முன்பே இறங்கிவிடுவார்கள். இருட்டில், குளிர்ந்த உப்புத் தண்ணீரில் நின்று பலகையால் உப்பை வாருவார்கள். வெயில் ஏற ஏற வேலை குறையும். பத்து மணி ஆனால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், பலகையைப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து கேப்பைக் கூழ், மோர், வெங்காயம். அப்புறம் பனைமரத்தடியில் படுத்தால் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்து எழுப்பும். உப்பளத்துக்காரர்கள் வெயிலை ஜெயித்தவர்கள் இல்லை, வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். இது பெரியப்பாவுக்குத் தெரியாது. விசித்திரம் என்னவென்றால், தினமும் பத்து மணிக்குக் கரையேறிய மாமாவுக்கும் இது தெரியாது. தன் உடம்புதான் காரணம் என்று நம்பினார். கூழையும் காற்றையும் பனைமரத்தையும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தொண்ணூற்று நாலு மாசியில் பெரியப்பா மூலமாகவே மாமாவும் நானும் போனோம். நான் பிளஸ் டூ வரை படித்துத் தவறியவன் என்பதால் எனக்குக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை, தகரக் கொட்டகை என்றாலும் தலைக்கு மேல் கூரை. மாமாவுக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் வேலை. போய் இறங்கிய நாள் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. குளிர். அந்த ஊரில் மாசிக்கு ராத்திரி பல் கிட்டுகிறது. பாலைவனத்தில் குளிருமா என்று மாமா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதெல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பங்குனியில் ஊருக்குப் போன ஒருவரிடம் மாமா ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதனால் ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "நல்லா இருக்கேன். பாப்பாவ நல்லா பாத்துக்கோ. மச்சான் பக்கத்துலதான் குந்திக்கினு இருக்கான். வெயிலு வெயிலுன்னு பயமுறுத்துனாங்களே, இங்க வெயிலே இல்ல, குளுருது. கம்பளி போத்திக்கினு படுக்கறோம். பெரிப்பா சொன்னது நெசந்தான்." அக்கா வீட்டில் டேப்ரிக்கார்டர் கிடையாது. ஆபீசுக்கு வந்து, பெரியப்பாவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு வயசுப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். கேசட் ஆபீசிலேயே தங்கிவிட்டது.

சித்திரையில் அங்கேயும் சூடு ஏறத் தொடங்கியது. எங்கள் அறையில் மாமா ஒரு தமிழ் நாட்காட்டி மாட்டியிருந்தார், தினமும் காலையில் ஒரு தாளைக் கிழிப்பார். அக்னி நட்சத்திரம் ஆரம்பம் என்று போட்ட தாளைக் கிழித்த நாளிலிருந்து ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார். தலைத்துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டார், உப்பு போட்ட தண்ணீர் ஒரு கேன் கொண்டுபோனார், மத்தியானம் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். மேஸ்திரி திட்டினால் வாங்கிக்கொண்டார். வைகாசியில் 'அக்னி நட்சத்திரம் முடிவு' என்ற தாள் வந்தது. அன்றைக்கு அவர் அறையில் இருந்த எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னது இது: "கத்திரி முடிஞ்சிடுச்சி மச்சான். இனிமே ஒரு பேஜாரும் இல்ல. கொறஞ்சிக்கினே போவும்." மறுநாளிலிருந்து கேனை எடுத்துப்போகவில்லை. லாரிக்கு அடியில் படுக்கவும் இல்லை, மேஸ்திரியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக எங்கள் உடம்பு அந்த நாட்காட்டியைத்தான் நம்பி வந்திருக்கிறது. கத்திரி முடிந்தால் ஒரு மழை பெய்யும், ஆனியில் காற்று திரும்பும், ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், முற்றத்துத் துணியெல்லாம் பறக்கும். அந்த ஊரில் சூரியன் நம் பஞ்சாங்கத்தைப் படிக்கிறதில்லை. நமக்குக் கத்திரி முடிகிற இடத்தில்தான் அங்கே வெயில் தொடங்குகிறது.

இரண்டு ஊரையும் உடம்பால் ஒப்பிட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மரக்காணத்துக் கடல் மத்தியானத்துக்கு மேல் குளிர்ந்த காற்றை அனுப்பும். அந்த ஊர்க் கடல் ஆனி ஆடியில் உலைத்தண்ணீர் மாதிரி இருக்கும், அதிலிருந்து வருவது காற்று இல்லை, ஆவி. இங்கே வியர்த்தால் காற்றுபட்டு உலரும், உடம்பு கொஞ்சம் ஆறும். அங்கே வியர்வை உலர்வதே இல்லை, சட்டையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொள்வோம். திண்டிவனம் ரோட்டில் எங்கே தலைசுற்றினாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு புளியமரம் உண்டு, மரத்தடியில் நுங்கோ மோரோ விற்கிற ஒரு கிழவி உண்டு. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு நிழல் என்றால் அது நம்முடைய நிழல்தான், உச்சியில் அதுவும் காலடிக்குள் போய்விடும். பொழுது சாய்ந்த பிறகும் மணல் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். பெரியப்பாவின் மூணு டிகிரிக்குள் இவ்வளவும் இருந்தது. கடலும் மணலும் இரண்டு இடத்திலும் இருக்கின்றன என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. மற்றதையெல்லாம் சொல்லாமல் விட்டதுதான் அவருடைய தொழில்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் மாமா ஸ்டோருக்குள் வந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. முகம் சிவந்திருந்தது, ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. கையைத் தொட்டேன், சுட்ட அப்பளம் போலக் காய்ந்து கொதித்தது. "மச்சான், மணி பத்தாயிடுச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "பத்தாயிட்டிருக்கும். எல்லாரையும் கூப்பிடு, கரைக்குப் போலாம். உங்கக்கா கூழ் கரைச்சி வெச்சிருப்பா, ஜல்தி வா" என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எங்கேயோ உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பலகையைச் சுவரில் சாய்த்து வைப்பது போலக் கையை நீட்டினார். அப்படியே சரிந்தார். தண்ணீரைக் கொட்டினேன், கத்தினேன். வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இருதயம் நின்றுவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள். யார் செத்தாலும் இருதயம் நிற்கத்தானே செய்யும்? ஏன் நின்றது என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை போலும்.

சொந்தக்காரன் என்பதால் உடலோடு என்னையும் அனுப்பிவிட்டார்கள். மீனம்பாக்கத்திலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்கினோம். குப்பமே கூடியிருந்தது. அம்மன் கோயிலில் கட்டிய வேப்பிலை இன்னும் வாடவில்லை, ஆடிக் காற்று மணலை வாரி எல்லோர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்ததும் அக்கா மாமாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "இன்னாடா தம்பி, இவ்ளோ ஜில்லுனு இருக்காரு?" என்று என்னைக் கேட்டாள். வெந்து செத்த மனுஷனை ஐஸில் வைத்து அனுப்பியிருந்தார்கள். நான் நடந்ததையெல்லாம் அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுத்தார். "வெயிலுக்கு ஒருத்தன் சாவுவானா? அதுவும் உப்பளத்துல நின்னவன். ஹார்ட்டு வீக்கு. வம்சத்துலயே இருந்திருக்கும், நம்மகிட்ட மறச்சிட்டாங்க." எழுதிய தாள் அவர் பக்கம் இருந்தது. என் பக்கம் ஸ்டோரில் வேலை செய்த ஒரு பிளஸ் டூ ஃபெயில் இருந்தான். ஊர் எதை நம்பும்?

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கம்பெனிக் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட அக்காவைப் பெரியப்பா ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். நானும் கூடப் போனேன். மாடிப்படி ஏறும்போதே மாமாவின் குரல் கேட்டது. அக்கா பாதிப் படியில் நின்றுவிட்டாள். மேலே போனால் நாலு பையன்கள் டேப்ரிக்கார்டரைச் சுற்றிக் குனிந்து நின்றிருக்கிறார்கள், பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். "இங்க வெயிலே இல்ல, குளுருது. பெரிப்பா சொன்னது நெசந்தான்" என்கிறார் செத்துப்போன மாமா. பெரியப்பாவுக்கு எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனால் நாலு பையன்கள் முன்னால் டேப்பை நிறுத்த மனசு வரவில்லை. நான்தான் பொத்தானை அமுக்கிக் கேசட்டைப் பிடுங்கினேன். அக்கா கையெழுத்துப் போடாமலே இறங்கிவிட்டாள். பஸ்ஸில் வரும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "அவரு செத்தும் ஆளு சேத்துக்கினு இருக்காருடா." அந்தக் கேசட் அவள் பெட்டிக்குள் போனது. அதற்கப்புறம் அதைக் கேட்டதில்லை.

ஆபீஸ் பெருகியது. பெரியப்பா விழுப்புரத்தில் மாடிவீடு கட்டிக் குடிபோனார், தெர்மாமீட்டரையும் ராசியான பொருள் என்று ஹாலில் மாட்டிக்கொண்டார். அக்கா பிழைப்புக்கு உப்பளத்தில் இறங்கினாள். பாப்பா வளர்ந்து நர்சிங் படித்தாள். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பெரியப்பா அன்றைக்குச் சொன்ன பொய் எவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறது என்று தெரிந்தது. வருகிற வரன் எல்லாம் ஒரே இடத்தில் தட்டிப்போனது. பொண்ணோட அப்பனுக்கு ஹார்ட்டு வீக்காமே, வம்சத்துல இருக்காமே. கூட்டேரிப்பட்டில் டயர் கடை வைத்திருந்த ஒருவரின் மகனுக்குப் பாப்பாவை ரொம்பப் பிடித்திருந்தது. விழுப்புரத்துப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறோம் என்றார்கள். அக்கா பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட ஒரே உதவி அது. "வெயில்லதான் போனாருன்னு மட்டும் சொல்லிடுங்க பெரிப்பா. பொண்ணு வாழ்க்க." "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. கத்திரி நடந்துகொண்டிருந்தது. டயர் கடைக்காரர் வருகிறார் என்று நானும் அக்காவும் முன்னாடியே பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம், அக்கா சமையலறையில் இருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் இன்வர்ட்டரும் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. ஏ.சி.யில் பழகிப்போன பெரியப்பாவின் உடம்பு பனியனோடு ஊறியது. துண்டால் விசிறிக்கொண்டார், பெரியம்மாவைத் திட்டினார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். "அப்பப்பா, இந்த வெயில்ல உசுரே போய்டும் போலக்குது" என்றார். டயர் கடைக்காரர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார், பொண்ணோட அப்பா எப்படித் தவறினார் என்று. பெரியப்பா என்னைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். "அது பொறவியிலியே இருந்த கோளாறுங்க. ஹார்ட்டு. வெயிலு கியிலுன்னு சொல்லுவாங்க, அதெல்லாம் நம்பாதீங்க. வெயிலுக்கு ஒருத்தன் சாவுவானா?" என்றார். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறமும், தொழிலை மகனிடம் கொடுத்துவிட்ட பிறகும், அவரால் அந்த ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

அக்கா தட்டில் மோர் கொண்டுவந்தாள். வந்தவருக்குக் கொடுத்தாள். பெரியப்பாவுக்கு நீட்டிக்கொண்டே, சத்தம் போடாமல், சாதாரணமாகக் கேட்டாள்: "உசுரு போவுதுன்னீங்களே பெரிப்பா. வெயிலுக்குப் போவாதே. உங்களுக்கும் ஹார்ட்டு வீக்கா?" பெரியப்பாவின் கண் தன்னையறியாமல் சுவருக்குப் போனது, என் கண்ணும் போனது. தெர்மாமீட்டர் நாற்பதில் நின்றது. "நாப்பதுதான் காட்டுது" என்றேன். டயர் கடைக்காரர் மோரைக் குடித்தார், சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார். சொல்லி அனுப்பவே இல்லை. அவர் போனதும் பெரியப்பா கத்தினார், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று. அக்கா டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து அனந்தபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் இருதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துக் காட்டுங்கள் என்றார்கள். பாப்பா தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே போய்ப் படுத்து எடுத்துக்கொண்டாள், இருதயம் கிண்ணென்று இருந்தது. கல்யாணம் நடந்தது. ஜாதகத்தோடு அந்த ரிப்போர்ட்டையும் மாமியார் இன்னமும் பீரோவில் வைத்திருக்கிறாளாம். பெரியப்பா எல்லோர் மரியாதையோடும் போய்ச் சேர்ந்தார். மாலைகளுக்குக் குறைவில்லை. எத்தனையோ குடும்பங்களை வாழவைத்தவர் என்று போஸ்டர் அடித்திருந்தார்கள், அதிலும் பொய் இல்லை.

திண்டிவனத்தில் பஸ் மாறி குப்பத்துக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். அக்கா உப்பளத்திலிருந்து பத்து மணிக்கே வந்து, கூழ் குடித்துவிட்டுப் படுத்திருந்தாள். பையை அவிழ்த்துக் காட்டினேன். அடையாளம் தெரிந்துகொண்டாள். "இத எதுக்குடா தூக்கிக்கினு வந்த?" என்று கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஆபீசுல எங்க மாட்டியிருந்தாங்க இத?" என்று கேட்டாள். அவளும்தான் அந்த ஆபீசுக்கு வந்திருக்கிறாள், பார்த்த ஞாபகம் இல்லை போலும். உள்ளேதான், தண்ணிப் பானைக்குப் பக்கத்தில், பெரியப்பாவின் ஃபேனுக்குக் கீழே என்றேன். அது ஒரு நாளும் வெயிலையே பார்த்ததில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அக்கா எழுந்து வெளியே போனாள். வாசலில் துணி துவைக்கிற கல்லின் மேல், நேர் வெயிலில் அதைப் படுக்கவைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள். சிவப்புக் கோடு விறுவிறுவென்று ஏறியது. நாற்பத்திரண்டைத் தாண்டியது, நாற்பத்தைந்தைத் தாண்டியது, ஐம்பதில் எண்கள் முடிந்த இடத்தையும் தாண்டிக் குழாயின் மேல்முட்டில் போய் இடித்து நின்றது. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது.

"எத்தினி காட்டுதுடா?"

"அம்பது வரைக்கும்தான் போட்டிருக்குக்கா. அதுக்கு மேல நம்பர் இல்ல."

கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்போ அவரு நின்ன எடத்துக்கு நம்பரே போடலியா?" என்றாள்.